பெட்டி ஏன் பேச மறுத்தது?

மார்கழி மாதத்து மழை மட்டக்களப்பு வாவியின் மேல் இரவு முழுவதும் இடியும் மின்னலுமாகப் பெய்து, விடியும் வேளையில்தான் சற்று ஓய்ந்தது. புளியந்தீவில் வாழ்பவர்களுக்கு இது புதிதன்று. நாற்புறமும் நீர் சூழ்ந்த இச்சிறு தீவில் மாரிகாலம் வந்துவிட்டால், மேலிருந்து விழுவதும் நீர், கீழே தேங்கி நிற்பதும் நீர். ஆனால் அன்றைய தினம் எங்கள் வீட்டில் வேறொரு காரணத்தால் மறக்க முடியாத தினமாயிற்று.

எங்கள் பெரியம்மாவுக்கு வயது 82. வீட்டிலுள்ள பிள்ளைகளும் அயலிலுள்ள பிள்ளைகளும் அவரைப் 'பெத்தா' என்றே அழைப்பர். அதனால் பெரியவர்களாகிய எங்களுக்கும் அவர் பெத்தாவாகிவிட்டார். அவருடைய ஒரே தம்பி இலண்டனில் நாற்பது ஆண்டுக் காலம் வாழ்ந்தவர். அவர் முதல் வாரம் காலமானார். இறுதிக் கிரியை அன்று காலை பத்து மணிக்கு அங்கு நடைபெறவிருந்தது; நமது நேரப்படி பிற்பகல் 3.30. ஊரில் உள்ள உறவினர் காண்பதற்கென அதனை யூரியூப் வழியாக நேரடியாக ஒளிபரப்புவதற்கு அவருடைய பிள்ளைகள் ஒழுங்கு செய்திருந்தனர். பெத்தாவுக்கு இரு கண்களிலும் சத்திர சிகிச்சை நடந்திருக்கிறது. கைத்தொலைபேசியின் உள்ளங்கை அகலப் படம் அவருக்கு வெறும் நிழலாட்டம். ஆகவே முன்கூடத்தில் இருக்கும் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியையே அவர் நம்பியிருந்தார்.

"தம்பிர முகத்தை ஒருக்காப் பெரிசாப் பாத்திட்டன் எண்டாப் போதும், மனே," என்று மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவு இரண்டு மணியளவில் மின்சாரம் தடைப்பட்டது. காலை ஒன்பது மணிக்கு மீண்டது. பெட்டியை இயக்கினோம். திரை ஒளிர்ந்தது, வைஃபைக் குறி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் யூரியூப்பைத் திறந்ததும் "இணையத் தொடர்பு இல்லை" என்று ஒரு வரி தோன்றி, அப்படியே நின்றுவிட்டது. பத்து முறை திறந்தோம். பத்து முறையும் அதே வரிதான்.

நம் ஊரில் ஒரு வீட்டில் ஒரு பொருள் பழுதாகிவிட்டால் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. எதிர்வீட்டு இளைஞர் வந்து பார்த்தார். பெட்டியிலுள்ள அனைத்தையும் அழித்து, கடையிலிருந்து வந்த நாளில் இருந்தபடி மாற்றிவிட்டால் சரியாகும் என்றார். இன்னொருவர், வாவிக் காற்றின் உப்பு உள்ளே இறங்கிவிட்டது, இனி உதவாது என்று கையை விரித்தார். உயர்தர வகுப்பில் படிக்கும் எங்கள் வீட்டுப் பையன் றிமோட்டைக் கையில் எடுத்து, எல்லாவற்றையும் அழிக்கும் அந்தப் பகுதியைத் தேடிக் கண்டுபிடித்தும்விட்டான். அந்த வேளையில்தான் படலையில் குடை விரியும் ஓசை கேட்டது.

வந்தவர் எங்கள் வீதி முழுவதற்கும் 'லைன் மாமா'. முன்னாளில் தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் கம்பங்களில் ஏறிப் பழுது பார்த்தவர். கல்முனை வீதியிலும் வாழைச்சேனை வீதியிலும் அவர் ஏறாத கம்பம் இல்லை என்பார்கள். துக்கம் விசாரிக்க வந்தவரிடம் பெத்தா தொலைக்காட்சியைப் பற்றி முறையிட்டார்.

"றிமோட்டைக் கீழ வை, மகன்," என்றார் லைன் மாமா. "பழுது எங்க இருக்கு எண்டு தேடப்படாது. எங்க இல்லை எண்டு முதல்ல பாக்க வேணும்."

அவர் சொன்னதன் பொருள் அப்பொழுது எனக்கு முழுதும் விளங்கவில்லை. பின்னர் விளங்கியது. அக்காலத்தில் இரண்டு ஊர்களுக்கிடையே தொலைபேசிக் கம்பி பழுதானால் அவர்கள் முதற் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதில்லையாம். நடுவிலுள்ள கம்பம் ஒன்றில் ஏறி, இரு திசையிலும் பேசிப் பார்ப்பார்களாம். ஒரு திசை பேசினால் அந்தப் பாதி நல்லது. மற்றப் பாதியின் நடுவுக்குப் போக வேண்டியதுதான். இவ்வாறு நாலைந்து கம்பங்களில் ஏறுவதோடு பழுது பிடிபட்டுவிடும்.

நெடிய பாதை

தொலைக்காட்சிக்கு வரும் இணையமும் ஒரு பாதை வழியாகவே வருகிறது. அப்பாதை எத்துணை நெடியது என்பதை நாம் நினைப்பதில்லை. 1814 ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தபோது, அவர் இங்கிலாந்துக்கு எழுதும் ஒரு கடிதம் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். இன்று அதே தூரத்தை ஒளி, கண்ணாடி நாரினூடாக விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் கடந்து வருகிறது. கடலடியில் கிடக்கும் வடங்கள் கொழும்பிலும் கல்கிசையிலும் மாத்தறையிலும் கரையேறியிருக்கின்றன. அங்கிருந்து தரைவழி நார்கள், பின் நம் வீதியின் கம்பம், பின் வீட்டுச் சுவரிலுள்ள சிறு பெட்டி, அதனோடு ரவுட்டர், அதற்கப்பால் கம்பியே இல்லாத வெறும் காற்று, கடைசியில் தொலைக்காட்சி. இவ்வளவு நெடிய பாதையில் எங்கே முறிந்தாலும் திரையில் தோன்றுவது ஒரே வரிதான். பெட்டி பொய் சொல்வதில்லை. ஆனால் முழுவதையும் சொல்வதுமில்லை.

பாதையின் மறுமுனையே முறிந்த காலமும் உண்டு. 2004 ஆகஸ்டு மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டுக் கடலடி வடம் சேதமுற்றது. நாட்டின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெருமளவில் தடைப்பட்டன. அன்று ஒருவர் தம் வீட்டில் எந்தக் கருவியைத் திருகியிருந்தாலும் பயன் விளைந்திராது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறையிலுள்ள உப மின்நிலையம் ஒன்றில் குரங்கொன்று மின்மாற்றியோடு தொடுகையுற்றதே காரணம் என அமைச்சர் அறிவித்தார். இராமாயண காலத்துக்குப் பின் இலங்கை முழுவதையும் ஒரு குரங்கு கலக்கியது அன்றுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே முதற் கேள்வி, 'நமக்கு மட்டுமா, எல்லோருக்குமா?' என்பது. லைன் மாமா வாசலில் நின்றபடியே அடுத்த வீட்டை விசாரித்தார். அங்கே இணையம் இருந்தது. கடலும் கரையும் வீதியும் அத்துடன் விடுதலை பெற்றன.

அடுத்து வீட்டுக்குள் வந்தோம். பையன் தன் கைத்தொலைபேசியைக் காட்டி, "இதில வேலை செய்யுதே, மாமா. அப்ப ரவுட்டர் நல்லம்தானே?" என்றான். லைன் மாமா தலையசைக்கவில்லை. அந்தத் தொலைபேசியில் மொபைல் டேட்டாவும் இயங்கிக்கொண்டிருந்தது. வைஃபை செத்துப்போனாலும் தொலைபேசி ஓசைப்படாமல் சிம் அட்டை வழியே இணையத்தைப் பெற்றுக்கொள்ளும். நாமோ ரவுட்டர் உயிரோடிருப்பதாக எண்ணி ஏமாறுவோம். பெரும்பாலான வீடுகளில் பாதி நாள் வீணாவது இவ்விடத்திலேதான். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பையன் அவ்வாறே செய்தான். பக்கம் திறந்தது. ரவுட்டர் வரையிலும் பாதை நல்லது என்பது இப்பொழுதுதான் உறுதியாயிற்று.

அது திறவாதிருந்தால் ரவுட்டரின் விளக்குகளைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி நார் வந்திருக்கும் வீடுகளில், சுவர்ப் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பது பொருள். நாரில் எங்கோ முறிவு அல்லது மடிப்பு. அதற்கு நம்மிடம் மருந்தில்லை; இணைப்பு வழங்கியவர்களுக்குத் தெரிவிப்பதே வழி. விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தும் இணையம் இல்லையென்றால், மாதக் கட்டணம் நிலுவையா, வாங்கிய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது நன்று. தெளிவான படம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிகாபைட் வரை செலவாகலாம். வீட்டில் கிரிக்கெட் ரசிகர் ஒருவர் இருந்தால் மாதத்தின் கடைசி வாரம் வறட்சிதான்.

தூக்கம் வேறு, நிறுத்தம் வேறு

நிற்க. இனி எஞ்சியவை இரண்டு: நடுவிலுள்ள காற்று, அதற்கப்பால் பெட்டி. லைன் மாமா பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னார். "றிமோட்டால நிப்பாட்டிப் பாத்தாச்சு," என்றான் பையன். றிமோட்டால் நிறுத்துவது நிறுத்தமன்று. பெட்டி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது, அவ்வளவே. அதன் உள்ளே இயங்கும் சிறு கணினி, தான் குழம்பிய நிலையிலேயே குழம்பிக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடமாவது காத்திருந்தால்தான் அது உண்மையாக ஓய்ந்து புதிதாகத் தொடங்கும்.

மின்சாரம் தடைப்பட்டு மீளும் வேளைகளில் இன்னொரு கோளாறும் நேர்வதுண்டு. எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் விழிக்கின்றன. ரவுட்டர் தன் கடமையைத் தொடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். பெட்டியோ அதற்குள் எழுந்து, "எனக்கு ஓர் இலக்கம் தா," என்று கேட்டுவிட்டு, பதில் வராமற் போனதும் தானே ஓர் இலக்கத்தைச் சூட்டிக்கொள்வதுண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் இலக்கம் வழங்குவது அதன் முதற் பணி. பெட்டியின் இணைய நிலைப் பக்கத்தில் அந்த இலக்கத்தைக் காணலாம். அது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டர் கொடுத்தது. 169.254 என்று தொடங்கினால் யாரும் கொடுக்கவில்லை. பெட்டி தானாக இட்டுக்கொண்ட புனைபெயர். அப்பொழுது ரவுட்டரை முதலில் இயக்கி, விளக்குகள் அமைதியடையும் வரை பொறுத்து, பின் பெட்டியை இயக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இன்றி இருந்த காலத்தில் இந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்ட குடும்பங்கள் பல.

எங்கள் பெட்டியில் இலக்கம் சரியாகவே இருந்தது. நிறுத்தி இயக்கியும் அதே வரி தோன்றியது. மணி ஒன்றாகிவிட்டது. பெத்தா உணவருந்தவில்லை. கதிரையைத் திரைக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, பேசாமல் அமர்ந்திருந்தார்.

அடுத்துக் காற்றை விசாரிக்க வேண்டியிருந்தது. வைஃபை பெரும்பாலும் 2.4, 5 என்ற இரண்டு கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. இவற்றுள் முன்னது தொலைவு செல்லும். சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு. பின்னது வேகம் மிக்கது. இரண்டு சுவர் கடந்தால் சோர்ந்துவிடும். புளியந்தீவின் பழைய வீடுகளின் சுவர்கள் கோட்டைச் சுவர்களுக்குத் தம்பிமார் போன்றவை. பின் அறையில் ரவுட்டரையும் முன்கூடத்தில் பெட்டியையும் வைத்துவிட்டுப் பெட்டியைக் குறை கூறுவது நீதியன்று. ரவுட்டரை இரும்பு அலுமாரியின் மேலோ, மீன் தொட்டியின் பின்னாலோ வைப்பதும் கூடாது. உலோகமும் நீரும் அலைகளைத் தடுப்பவை. சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸை ஒட்டியே இயங்குவதால், அதற்குப் பக்கத்தில் ரவுட்டர் இருந்தால் கறி சூடாகும் நேரமெல்லாம் படம் நின்று நின்று வரும். பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு 5 என்ற அலைவரிசை அறவே தெரியாது. ரவுட்டர் அதில் மட்டும் பெயர் அறிவித்தால், அப்பெட்டி வீட்டிலுள்ள வைஃபையைக் காணவே மாட்டாது.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிக்க எங்களுக்கு நேரமில்லை. லைன் மாமா நடுக் கம்பத்தில் ஏறினார். அதாவது, பையனின் கைத்தொலைபேசியை ஹொட்ஸ்பொட் ஆக்கி, பெட்டிக்கு அருகிலேயே வைத்து, தொலைக்காட்சியை ரவுட்டரோடு அன்றி அந்தத் தொலைபேசியோடு இணைக்கச் சொன்னார். ரவுட்டர் நீங்கியது, சுவர் நீங்கியது, தூரம் நீங்கியது. கடவுச்சொல்லைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு தவறாமல் பையன் பதிந்தான். பெட்டி இணைந்தது. யூரியூப்பைத் திறந்தோம்.

"இணையத் தொடர்பு இல்லை."

"நல்லது!" என்றார் லைன் மாமா. எங்களுக்கு வியப்பாயிற்று, பெத்தாவுக்குக் கோபமே வந்தது. "என்னகா நல்லது?" என்றார். ஆனால் அது உண்மையில் நல்ல செய்திதான். இருவேறு பாதைகளில் ஒரே குறை காணப்படுமானால், குறை பாதையில் இல்லை. காலையிலிருந்து இலண்டன் வரை பரந்துகிடந்த எங்கள் ஐயம், முன்கூடத்தில் இருந்த அந்த ஒரு பெட்டிக்குள் வந்து அடங்கிவிட்டது.

மூலையில் ஒரு திகதி

பெயர்களை இலக்கங்களாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்றொரு வழிகாட்டி இணையத்தில் உண்டு. தொலைபேசிப் புத்தகம் போன்றது அது. அதில் கோளாறு இருந்தாலும் 'தொடர்பு இல்லை' என்றே காட்டும். பெட்டியின் இணைய அமைப்பில் அவ்விடத்தில் 8.8.8.8 என்று கூகிளின் வழிகாட்டியை எழுதிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. பையன் அதையும் செய்தான். பயனில்லை.

அப்பொழுது லைன் மாமா தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே சென்றார். அமைப்புப் பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்துகளில் ஏதோ இருந்தது. "மகன், இண்டைக்கு என்ன திகதி?" என்று கேட்டார். பையன் சொன்னான். "இவருக்கு இண்டைக்கு 2018 ஜனவரி முதலாந் திகதியாம்," என்றார்.

காலையிலிருந்து நாங்கள் ஆறு பேர் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

திகதி பிழைத்தால் இணையம் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இணையத்தில் ஒரு கருவி ஓர் இடத்தோடு பேசத் தொடங்குமுன், 'நீர் உண்மையில் நீர்தானா?' என்று வினவுகிறது. மறுமுனை ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அச்சான்றிதழில் அது செல்லுபடியாகத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். இப்போது வழங்கும் சான்றிதழ்களுள் பல 90 நாட்களுக்கே செல்லுபடியானவை. பெட்டி தன் கடிகாரத்தைப் பார்க்கிறது. அதன் கணக்கில் இது 2018. சான்றிதழோ பல ஆண்டுகள் கழித்துத் தொடங்கப்போவது. இன்னும் பிறவாத ஒருவர் வாசலில் நின்று கதவைத் தட்டினால் யார்தாம் திறப்பார்? பெட்டி கதவைச் சாத்திக்கொண்டது. அது தன் கடமையையே செய்தது. சான்றிதழ் ஏற்கப்படவில்லை என்று சொல்வதை விட்டு 'தொடர்பு இல்லை' என்று சொன்னதுதான் அது எங்களுக்கு இழைத்த தீங்கு.

பொதுவாகப் பெட்டிகள் நேரத்தை இணையத்திலிருந்து தாமாகவே திருத்திக்கொள்ளும். எங்கள் பெட்டியில் அந்தத் தானியங்கி முறை எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தியவர் யார் என்று விசாரித்தபோது பையன் மழையைப் பார்த்தான். கையால் வைத்த நேரம் மின்சாரம் இருக்கும் வரை ஓடியது. இரவு ஏழு மணி நேரம் மின்சாரம் இல்லாமற் போகவே, பெட்டி தான் அறிந்த பழைய நாளுக்குத் திரும்பிவிட்டது. சில கருவிகள் இவ்வாறு வழிதவறும்போது 1970 ஜனவரி 1 க்குப் போய்ச் சேர்வதும் உண்டு. கணினிகள் பல அந்த நாளிலிருந்தே விநாடிகளை எண்ணிவருவது அதற்குக் காரணம்.

திகதியையும் நேரத்தையும் திருத்தினான் பையன். நேர வலயத்தில் கொழும்பு என்று குறித்தான். யூரியூப் திறந்தது. தானியங்கி முறையையும் மீண்டும் இயக்கிவைத்தான். மணி 2.40.

அழிக்க விரும்பும் கை

ஒளிபரப்புத் தொடங்க இன்னும் நேரமிருந்தது. பெத்தா ஒரு வாய் சோறு உண்டார். நாங்கள் விறாந்தையில் தேநீருடன் அமர்ந்தோம். எதிர்வீட்டு இளைஞரும் வந்தார். அவர் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பையன் கேட்டான். திகதி ஒருவேளை சரியாகியிருக்கலாம், சரியாகாதும் போயிருக்கலாம். ஆனால் பெட்டியின் கணக்குகள், கடவுச்சொற்கள் யாவும் போயிருக்கும். அவற்றைத் தெரிந்த ஒரே ஆள், எங்கள் மைத்துனர், அன்று கட்டாரில் வேலைத்தலத்தில் இருந்தார். மூன்றரை மணிக்குள் நிச்சயம் முடிந்திராது.

இது வெறும் அச்சமன்று. தொலைக்காட்சியில் செருகும் குரோம்காஸ்ட் என்ற சிறு கருவி உலகெங்கும் பல வீடுகளில் உண்டு. 2025 மார்ச் 9 ஆம் திகதியளவில் அதன் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் யாவும் ஒரே நேரத்தில் மறுத்துவிட்டன. வீட்டு இணையத்தில் பழுதில்லை; கருவியிலும் பழுதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் கருவியினுள் வைத்த ஒரு சான்றிதழின் தவணை முடிந்திருந்தது. அதாவது எங்கள் கதைக்கு நேர்மாறான கதை: எங்கள் பெட்டியில் சான்றிதழ் நன்று, கடிகாரம் பிழை, அங்கே கடிகாரம் நன்று, சான்றிதழ் காலாவதி. கருவியை அழித்து மீட்டமைக்க வேண்டாம் என்று கூகிள் நிறுவனம் உடனே எச்சரித்தது. பொறுத்திருந்தவர்களுக்குச் சில நாட்களில் திருத்தம் தானாக வந்து சேர்ந்தது. அவசரப்பட்டு அழித்தவர்களோ, மீண்டும் அமைக்கவும் முடியாமல் மேலும் காத்திருக்க நேரிட்டது.

உண்மையிலேயே பெட்டிக்கு வயதாகிவிடுவதும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2012 ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னும் செய்த பல தொலைக்காட்சிகளில் யூரியூப் 2015 ஏப்ரலில் நின்றுபோயிற்று. 2010, 2011 ஆம் ஆண்டுகளின் சாம்சுங் பெட்டிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பருடன் விடைபெற்றது. திரை பழுதன்று, ஒலி பழுதன்று. மறுமுனை பேசும் மொழி மாறிவிட்டது, பெட்டிக்குப் புதிய மொழி கற்றுத் தருவாரில்லை. அத்தகைய பெட்டியை எறிந்துவிட வேண்டியதில்லை. எச்.டி.எம்.ஐ. துவாரத்தில் செருகும் ஒரு சிறு கருவியை வாங்கிப் பொருத்தினால் பழைய திரை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். புதிய பெட்டிக்குக் கடன்படுமுன் இதனை எண்ணிப் பார்ப்பது குடும்பத்துக்கு நல்லது. பையனின் நண்பன் வீட்டுப் பழைய பெட்டி இப்பொழுது அவ்வாறுதான் ஓடுகிறது.

மூன்று இருபதுக்கு உள்ளே போனோம். அயலவர் சிலரும் வந்திருந்தனர். சொன்ன நேரத்துக்குச் சில நிமிடங்கள் பிந்தி இலண்டன் திரையில் தோன்றியது. சாம்பல் நிற வானம், நனைந்த வீதி, அங்கும் மழை. பூக்களுக்கு நடுவே அவர் முகம் பெரிதாக வந்தபோது பெத்தா எழுந்து திரைக்கு அருகில் சென்றார். கையை நீட்டினார், ஆனால் தொடவில்லை. "நல்லா மெலிஞ்சு போனான்," என்றார். வேறொன்றும் பேசவில்லை. பூசை முடிந்து, வாகனம் புறப்படும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். கதிரையைப் பின்னால் கொண்டுபோய் வைத்தும் அவர் அமரவில்லை.

படம் ஒரு முறைகூட நிற்கவில்லை.

லைன் மாமா எப்பொழுது எழுந்து போனார் என்று எவரும் கவனிக்கவில்லை. அவருடைய குடை மட்டும் விறாந்தை மூலையில் இருந்தது. மறுநாட் காலை பையன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான்; வரும்போது, இடி மின்னல் வேளையில் பெட்டியினதும் ரவுட்டரினதும் பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியதாகவும் கூறினான்.

அதற்குப் பின் இந்த மாரியில் நாலைந்து தடவை மின்சாரம் தடைப்பட்டு மீண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெத்தா அறையிலிருந்தபடியே குரல் கொடுப்பார். "மனே, பெட்டியில இண்டைக்கு என்ன திகதி?"